பீட்டாவை நம்பி புராஜெக்ட் தொடங்கலாமா?

2016 ஆகஸ்ட் 9 அன்று, இணையச் செயலிகள் எழுத உதவும் ஃபிரேம்வொர்க்கான ஆங்குலர் 2-இன் ஆர்சி.5 வெளியானது. ஆர்சி என்றால் ரிலீஸ் கேண்டிடேட். பெரிய பக் (பிழை) எதுவும் அகப்படாவிட்டால் இதையே இறுதிப் பதிப்பாக வெளியிட்டுவிடுவோம் என்பதுதான் அந்தப் பெயரின் அர்த்தம் என்று நாம் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம். அந்த ஐந்தாவது கேண்டிடேட்டில்தான் என்ஜிமாட்யூல் என்ற புதிய அமைப்பு வந்து சேர்ந்தது. அதுவரை, திரையின் ஒரு துண்டான ஒவ்வொரு காம்பொனென்டும் தனக்கு வேண்டிய டைரக்டிவ், பைப் என்ற துணைத் துண்டுகளைத் தானே பட்டியல் போட்டு வைத்திருக்கும். ஆர்சி.5 அந்த வழக்கத்தை 'விரைவில் நீக்கப்படும்' வரிசையில் தள்ளியது. செப்டம்பர் 1 அன்று வந்த ஆர்சி.6 அதை நீக்கியேவிட்டது. செப்டம்பர் 14 அன்று 2.0.0 வெளியானது. அதாவது, இறுதிப் பதிப்புக்கு ஐந்து வாரம் இருக்கும்போது, ஒரு செயலியின் துண்டுகள் ஒன்றையொன்று கண்டுகொள்ளும் விதமே மாறியது.

இது மட்டும் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். ஆர்சிக்கு முந்தைய சோதனைக் கட்டமான பீட்டா 2015 டிசம்பர் நடுவில் தொடங்கியது. பெரிய செயலிகளையே இதில் கட்டலாம் என்கிற தோரணையில்தான் அந்த அறிவிப்பு இருந்தது. அப்புறம் பதினேழு பீட்டாக்கள் வந்தன. பட்டியலைச் சுற்றிவரும் என்ஜிஃபாரில் மாறிக்கு முன்னால் ஹாஷ் குறி போடும் வழக்கம், கடைசி பீட்டாவில் 'லெட்' என்று எழுதும் வழக்கமாக மாறியது. 2016 மே மாதத்தில் முதலாவது ஆர்சி வந்தபோது, நிறுவிக்கொள்ளும் நிரல் தொகுப்புகளான பேக்கேஜ்களின் பெயர்களே மாறின. ஒவ்வொரு ஃபைலின் தலையில் இருந்த இம்போர்ட் வரிகளையும் திருத்த வேண்டியதாயிற்று. எந்த முகவரிக்கு எந்தப் பக்கம் என்று தீர்மானிக்கும் பகுதி ரவுட்டர்; பீட்டாவில் இருந்தது கைவிடப்பட்டுப் புதியது வந்தது. அதுவும் நிலைக்கவில்லை, சில வாரங்களில் மூன்றாவது ரவுட்டர் வந்தது. ஃபார்ம்களைக் கையாளும் பகுதி ஆர்சி.2-இல் புதிதாக எழுதப்பட்டது. ஆங்குலர் 3 என்று ஒரு பதிப்பே இல்லாமல் 2-இலிருந்து 4-க்குத் தாவியதற்கும் இந்த ரவுட்டர்தான் காரணம். மற்ற பேக்கேஜ்கள் 2-இல் நிற்க, ரவுட்டர் மட்டும் ஏற்கெனவே 3-க்குப் போயிருந்தது. எல்லாவற்றையும் ஒரே எண்ணில் நிறுத்த 4-க்குப் போவதுதான் வழி என்று முடிவெடுத்தார்கள்.

இத்தனை ஆட்டத்துக்கு நடுவில் ஏன் இவ்வளவு பேர் அதில் புராஜெக்ட் தொடங்கினார்கள்? புதியது மேல் மோகம் என்று எளிதாகச் சொல்லிவிடலாம், ஆனால் அது நியாயமாக இருக்காது. 2014 அக்டோபரில் பாரிஸில் நடந்த மாநாட்டில் ஆங்குலர் குழு, பழைய 1.x-இன் ஸ்கோப், கன்ட்ரோலர் போன்ற அடிப்படைகள் அடுத்த பதிப்பில் இருக்காது என்று சொல்லிவிட்டது. பழையதிலிருந்து புதியதுக்குப் போகும் பாதை அப்போது தெளிவாக இல்லை. 2016 தொடக்கத்தில் மூன்று வருடம் ஓடப்போகும் ஒரு செயலியைத் தொடங்குபவர் என்ன செய்வார்? ஒரு பக்கம், இனி வளராது என்று தெரிந்துவிட்ட நிலையான பதிப்பு. இன்னொரு பக்கம், வளர்ந்துகொண்டே இருக்கும், இன்னும் முடிவடையாத பதிப்பு. இரண்டிலும் நிரலைத் திருப்பி எழுதும் வேலை உண்டு. ஒன்றில் இப்போதே தவணை தவணையாக, மற்றதில் பின்னால் மொத்தமாக. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்து பீட்டாவை எடுத்தவர்களை நான் குறை சொல்லமாட்டேன். கணக்கே போடாமல், ஆர்சி என்ற இரண்டு எழுத்தை மட்டும் பார்த்து எடுத்தவர்கள்தான் மாட்டிக்கொண்டார்கள்.

ஏனென்றால் அந்த எழுத்துகளுக்கு எல்லோருக்கும் பொதுவான அர்த்தம் எதுவும் இல்லை. பதிப்பு எண்களுக்கான செமான்டிக் வெர்ஷனிங் விதிகளைப் படித்துப் பாருங்கள். ஹைஃபனுக்குப் பின்னால் ஏதாவது இருந்தால் அது முன்வெளியீடு, நிலையற்றதாக இருக்கலாம், பொருந்திப்போகும் என்ற உத்தரவாதம் இல்லை. அவ்வளவுதான். பீட்டா என்றால் என்ன முடிந்திருக்க வேண்டும், ஆர்சி என்றால் எதை மாற்றக்கூடாது என்றெல்லாம் அதில் ஒரு வார்த்தை கிடையாது. எது முந்தையது, எது பிந்தையது என்று பார்ப்பதுகூட ஆங்கில அகரவரிசைப்படிதான். பீட்டாவுக்கும் முந்தைய கட்டமான ஆல்ஃபா, பிறகு பீட்டா, ஆர்சி மூன்றும் அந்த வரிசையில் சரியாக வந்து உட்கார்ந்தது நம் அதிர்ஷ்டம்.

அர்த்தம் கொடுப்பது ஒவ்வொரு குழுவின் பழக்கம். பைத்தான் மொழியின் இணைய ஃபிரேம்வொர்க்கான ஜாங்கோவை எடுத்துக்கொள்வோம். அங்கே ஆல்ஃபா வந்துவிட்டால் புதிய வசதிகளுக்குக் கதவு சாத்தப்படும். பீட்டாவுக்குப் பிறகு, வெளியீட்டையே தடுக்கக்கூடிய பக்குகளுக்குத்தான் திருத்தம். ஆர்சி வந்ததும் திரையில் தெரியும் வாக்கியங்களும் உறைந்துவிடும், மொழிபெயர்ப்பாளர்கள் நிம்மதியாக வேலை செய்ய வேண்டும் என்பதற்காக. ஜாங்கோவோடு வரும் மொழிகளில் தமிழும் ஒன்று என்பதால் இந்த ஏற்பாட்டில் நமக்கும் கொஞ்சம் பங்கு உண்டு. ஜாங்கோ 5.0-இன் ஆல்ஃபா 2023 செப்டம்பர் 18, பீட்டா அக்டோபர் 23, ஆர்சி நவம்பர் 20, இறுதி டிசம்பர் 4. அட்டவணை முன்கூட்டியே போட்டது. ஆக, ஜாங்கோவின் ஆல்ஃபா அந்த நாளைய ஆங்குலரின் ஆர்சியைவிடக் கெட்டியானது. பெயர்களை வைத்துப் பார்த்தால் நேர் எதிராகத் தோன்றும்.

மைக்ரோசாஃப்டிலும் இதே கதை ஒருமுறை நடந்தது. அவர்களுடைய இணைய ஃபிரேம்வொர்க்குக்கு ஏஎஸ்பி.நெட் 5 என்று அப்போது பெயர். 2015 நவம்பரில் ஆர்சி1 வந்தது, அதுவும் 'கோ-லைவ்' உரிமத்தோடு. புரொடக்ஷனில், அதாவது பயனர்கள் நிஜமாகப் பயன்படுத்தும் இடத்தில், போட்டால் ஆதரவு தருகிறோம் என்று பொருள். அடுத்த ஜனவரியில் பெயர் ஏஎஸ்பி.நெட் கோர் 1.0 ஆனது. மே மாதம் வந்த ஆர்சி2-இல் செயலியை ஓட்டும் கருவிகளே வேறு, பேக்கேஜ் பெயர்களும் வேறு. உரிமம் பொய் சொல்லவில்லை, ஆதரவு உண்டு என்றுதான் சொன்னது. மாறாது என்று அது சொல்லவே இல்லை.

இனி, பலரும் கவனிக்காமல் விடும் ஒரு இடம்: பேக்கேஜ்களை நிறுவித்தரும் கருவியான பேக்கேஜ் மேனேஜர். நம் புராஜெக்டின் பேக்கேஜ் ஃபைலில் ^2.0.0-ஆர்சி.1 என்று ஒரு வரி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்னால் இருக்கும் அந்தச் சின்னக் கூரைக் குறியை யாரும் யோசித்துப் போடுவதில்லை. ஜாவாஸ்கிரிப்டின் பேக்கேஜ் மேனேஜரான என்பிஎம் தானாகப் போடுவது. அதன் பொருள், ஆர்சி.1 முதல் 3.0-க்குக் கீழே வரை எது புதியதோ அதை எடுத்துக்கொள் என்பது. ஆர்சி.2, ஆர்சி.5, ஆர்சி.6 எல்லாமே அதற்குள் அடங்கும். நிலையான பதிப்புகளுக்கு இந்த ஏற்பாடு சரி, ஒரே பெரிய எண்ணுக்குள் எதையும் உடைக்கமாட்டோம் என்ற வாக்குறுதி அங்கே இருக்கிறது. முன்வெளியீட்டில் அந்த வாக்குறுதி இல்லை, ஆனால் குறி மட்டும் அதே வேலையைச் செய்கிறது. எந்தப் பதிப்பு நிறுவப்பட்டது என்று பதிந்துவைக்கும் லாக் ஃபைல் இல்லாமல், வெள்ளிக்கிழமை ஓடிய பில்ட் திங்கட்கிழமை உடைவது இப்படித்தான். பீட்டாவையோ ஆர்சியையோ பயன்படுத்தினால் கூரைக் குறியை எடுத்துவிட்டு ஒரே ஒரு பதிப்பைக் குறிப்பிட்டு எழுதுங்கள், லாக் ஃபைலையும் நிரலோடு கிட்டில் (Git) சேர்த்துவையுங்கள். இதில் மாற்றுக் கருத்துக்கே இடம் இல்லை.

இதற்கு எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டு, அது இன்னும் எரிச்சலூட்டும். திரைகளைக் கட்ட உதவும் ரியாக்டை நம்பி எழுதப்பட்ட ஒரு யுஐ லைப்ரரி, தனக்கு ரியாக்ட் 18-உம் அதற்கு மேலும் எதுவும் ஒத்துவரும் என்று அறிவித்திருக்கிறது. நீங்கள் ரியாக்ட் 19-இன் ஆர்சியை நிறுவுகிறீர்கள். 19 என்பது 18-ஐவிடப் பெரியதுதானே? என்பிஎம் அப்படிப் பார்க்காது. வரம்பை எழுதியவர் அதே எண்ணின் முன்வெளியீட்டை வெளிப்படையாகக் குறிப்பிட்டிருந்தால் ஒழிய, எந்த முன்வெளியீடும் அந்த வரம்புக்குள் வராது. முன்யோசனையோடு ^19.0.0 என்று ஏற்கெனவே சேர்த்துவைத்த லைப்ரரிக்கும் இதே கதிதான், ஏனென்றால் 19.0.0-இன் ஆர்சி என்பது 19.0.0-ஐவிடச் சிறியது. என்பிஎம் 7-க்குப் பிறகு இப்படிப்பட்ட மோதல் வெறும் எச்சரிக்கையாக நிற்பதில்லை, நிறுவலே நின்றுவிடுகிறது.

2024 இறுதியில் இது பெரிய அளவில் நடந்தது. அக்டோபர் 21 அன்று, ரியாக்டின் மேல் கட்டப்பட்ட ஃபிரேம்வொர்க்கான நெக்ஸ்டின் 15-ஆம் பதிப்பு வெளியானது. அதன் ஆப் ரவுட்டர் நம்பியிருந்தது ரியாக்ட் 19-இன் ஆர்சியை. ரியாக்ட் 19-இன் நிலையான பதிப்பு வந்ததோ டிசம்பர் 5 அன்று. அந்த ஆறேழு வாரங்களில் புதிதாக நெக்ஸ்ட் செயலி தொடங்கியவர்கள், தாங்கள் நிலையான பதிப்பைத்தான் எடுத்திருக்கிறோம் என்று நம்பினார்கள். லைப்ரரிகளை நிறுவப் போனபோதுதான் அடியில் ஆர்சி இருப்பது தெரிந்தது. மோதலைக் கண்டுகொள்ளாமல் நிறுவு என்று சொல்லும் 'லெகசி பியர் டெப்ஸ்' கொடியைப் போட்டு ஒப்பேற்றினார்கள். அந்தக் கொடி ஒருமுறை, தானாக பில்டும் டெஸ்டும் ஓட்டும் சிஐ ஸ்கிரிப்டுக்குள் போய்விட்டால் அப்புறம் யாரும் எடுப்பதில்லை. நிஜமான மோதல் வரும்போதும் அது வாயை மூடிக்கொண்டிருக்கும்.

நிலையான பதிப்புக்குள் முன்வெளியீடு உட்கார்ந்திருப்பது நெக்ஸ்டுக்கு அப்போது புதிதும் அல்ல. 2023 மே மாதம் ஆப் ரவுட்டர் நிலையானது என்று 13.4-இல் அறிவித்தபோதே, அது தன்னோடு ரியாக்டின் கேனரி பதிப்பை, அதாவது வெளியீட்டுக்கு முன்பே அடிக்கடி வரும் முன்வெளியீட்டை, சுமந்து வந்தது. உங்கள் பேக்கேஜ் ஃபைலில் ரியாக்ட் 18 என்று இருந்தாலும் ஆப் ரவுட்டருக்குள் ஓடியது அந்த உள்ளே வைத்த கேனரிதான். ரியாக்ட் குழு அதே மே மாதம் கேனரிக்கு அதிகாரபூர்வமான இடம் கொடுத்திருந்தது. ஃபிரேம்வொர்க் ஆசிரியர்கள் ஒரு குறிப்பிட்ட கேனரியைப் பிடித்து நிறுத்தி, சோதித்து, தங்கள் பதிப்போடு சேர்த்துத் தரலாம். அதை எப்போது மாற்றுவது என்பது அவர்கள் பொறுப்பு. ஏற்பாடு நேர்மையானதுதான். ஆனால் விலை கொஞ்சம் பயனரிடமும் வந்தது. ஃபார்மின் நிலையைப் பிடிக்கக் கேனரியில் யூஸ்ஃபார்ம்ஸ்டேட் என்ற ஹூக் (காம்பொனென்டுக்குள் அழைக்கும் ஃபங்க்ஷன்) இருந்தது. நெக்ஸ்ட் 14-இன் கையேட்டைப் பார்த்து எத்தனையோ பேர் அதை எழுதினார்கள். ரியாக்ட் 19-இல் அது யூஸ்ஆக்‌ஷன்ஸ்டேட் என்று பெயர் மாறி, வேறு பேக்கேஜுக்கும் இடம் மாறியது. தேடி மாற்றுவது பெரிய வேலை இல்லை. ஆனால் கேனரியைத் தொட்டதே தெரியாதவர்கள் கேனரியின் விலையைக் கொடுத்தார்கள்.

இதுவரை படித்துவிட்டு, முன்வெளியீட்டுப் பக்கமே போகக்கூடாது என்கிறாயா என்று கேட்கலாம். இல்லை. அதே ரியாக்ட் 19-இன் ஆர்சி காலத்தில் இன்னொன்றும் நடந்தது. தரவு வரும்வரை காத்திருப்புத் திரையைக் காட்டும் ஒரே சஸ்பென்ஸ் எல்லைக்குள் இரண்டு காம்பொனென்டுகள் ரென்டர் ஆகும்போதே தரவு கேட்டால், முன்பு இரண்டு கோரிக்கைகளும் ஒன்றாகக் கிளம்பும். புதிய பதிப்பில் முதலாவது முடிந்த பிறகே இரண்டாவது கிளம்பும்படி ஆகிவிட்டது. பக்கங்கள் மெதுவாகும். 2024 ஜூனில் ஆர்சியைத் தங்கள் கோடில் ஓட்டிப் பார்த்தவர்கள் இதைக் கண்டுபிடித்துக் கூச்சல் போட்டார்கள். ரியாக்ட் குழு நிலையான வெளியீட்டை நிறுத்திவைத்து, வழி கண்டுபிடித்த பிறகே டிசம்பரில் வெளியிட்டது. அந்த ஆர்சியை யாரும் உண்மையான புராஜெக்டில் தொட்டிருக்காவிட்டால் இதே சிக்கல் 19.0.0-ஆகவே நம் கைக்கு வந்திருக்கும். முன்வெளியீடு இருப்பதே யாராவது ஓட்டிப்பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான். கேள்வி, ஓட்டிப்பார்ப்பதும் அதை நம்பிக் கடை திறப்பதும் ஒன்றா என்பது.

கடை திறந்தால் கூட இருக்க வேண்டியவை ஃபிரேம்வொர்க் மட்டும் அல்ல. வியூ என்ற இன்னொரு ஃபிரேம்வொர்க்கின் 3-ஆம் பதிப்பு நிலையானதாக வெளியானது 2020 செப்டம்பர் 18 அன்று. ஆனால் எந்தப் பதிப்பென்று சொல்லாமல் வியூவை நிறுவினால் 2022 பிப்ரவரி 7 வரை 2-தான் வந்தது. 3 வேண்டுமென்றால் 'நெக்ஸ்ட்' என்ற குறிச்சொல்லை (மேலே சொன்ன ஃபிரேம்வொர்க் அல்ல) சேர்க்க வேண்டும். மையம் தயாராகிவிட்டது, சுற்றுப்புறம் தயாராகவில்லை. வியூவை நம்பிய யுஐ லைப்ரரியான வியூட்டிஃபை 3-உம், வியூவின் மேல் கட்டப்பட்ட ஃபிரேம்வொர்க்கான நக்ஸ்ட் 3-உம் நிலையானது 2022 இறுதியில்தான். நடுவில் வியூ 3-க்கு மாறியவர்களிடம் நிலையான வியூவும், அதன்மேல் ஆல்ஃபா அல்லது பீட்டா கூறுகளும் இருந்தன. இன்னொரு விஷயம்: வியூ 3 வெளிவந்தபோது, இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 11-க்கான பதிப்பு பின்னால் வரும் என்று சொல்லப்பட்டிருந்தது. 2021-இல் அந்தத் திட்டமே கைவிடப்பட்டது. நியாயமான முடிவுதான், ஆனால் ஏதாவது அரசு அலுவலகத்துக்காகவோ வங்கிக்காகவோ அதை நம்பி எழுதியவரின் நிலைமையை நினைத்துப் பாருங்கள். கையில் இல்லாத வசதியைத் திட்டத்தில் சேர்க்கக்கூடாது என்று இதை வைத்துத்தான் ஜூனியர்களிடம் சொல்வேன்.

பாதுகாப்புப் பக்கம் இன்னும் மோசமாகலாம். 2025 டிசம்பர் 3 அன்று ரியாக்டின் சர்வர் காம்பொனென்டுகளில் ஒரு ஓட்டை வெளியில் தெரிந்தது. லாகின் கூட இல்லாமல், வெளியிலிருந்து ஒரு கோரிக்கையை அனுப்பியே நம் சர்வரில் தாக்குபவர்கள் தங்கள் நிரலை ஓட்டலாம்; ஆபத்து அளவுகோலில் பத்துக்குப் பத்து. நெக்ஸ்ட் 15-உம் 16-உம் பாதிக்கப்பட்டன. 14-இன் நிலையான பதிப்புகளில் ஓட்டை இல்லை. ஆனால் 14.3.0-இன் கேனரி வரிசையில் 77-ஆவதிலிருந்து இருந்தது. எப்போதோ ஒரு வசதிக்காக 14-இன் கேனரிக்கு ஏறி, அங்கேயே தங்கிவிட்டவர்களுக்குக் கிடைத்த ஆலோசனை, நிலையான 14-க்குத் திரும்பிப் போங்கள் என்பது. எந்த வசதிக்காக ஏறினார்களோ அது அங்கே இல்லாவிட்டால்? அன்று இரவு தூக்கம் போயிருக்கும். இதையும் எல்லாக் குழுவுக்கும் பொதுவாக்கிவிட முடியாது. ஜாங்கோவில் பாதுகாப்புத் திருத்தம் வரும்போது, அந்தச் சமயம் பீட்டாவிலோ ஆர்சியிலோ இருக்கும் பதிப்பின் கிளைக்கும் அது போகும். அறிவிப்பிலேயே அதைச் சொல்லிவிடுவார்கள். எந்த முன்வெளியீட்டை எடுப்பதற்கு முன்னாலும் நான் முதலில் தேடிப் பார்ப்பது இந்த ஒரு பத்தியைத்தான்: பாதுகாப்புத் திருத்தம் இதற்கு வருமா, வராதா.

இப்போது, நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹபைப் பாருங்கள். ரூபி மொழியின் ஃபிரேம்வொர்க்கான ரெயில்ஸில் எழுதிய அவர்களுடைய செயலி 2023 கணக்குப்படி ஏறக்குறைய இருபது லட்சம் வரிகள். 2018-இல் ரெயில்ஸ் 3.2-இலிருந்து 5.2-க்கு வந்து சேர அவர்களுக்கு ஒன்றரை ஆண்டு ஆனது. அதற்குப் பிறகு அவர்கள் செய்தது விநோதமாகத் தோன்றும். நிலையான பதிப்புக்காகக் காத்திருப்பதையே விட்டுவிட்டார்கள். ஒவ்வொரு திங்கட்கிழமையும் ஒரு தானியங்கி வேலை, ரெயில்ஸின் முதன்மைக் கிளையில் அன்றைக்குக் கடைசியாகப் பதிவான மாற்றத்துக்கு (கமிட்) செயலியை ஏற்றி, அதைச் சேர்த்துக்கொள்ளும்படி ஒரு கோரிக்கை (புல் ரிக்வெஸ்ட்) திறக்கும். டெஸ்டுகள் ஓடும், உடைந்தால் அந்த வாரத்து மாற்றங்களுக்குள் தேடினால் போதும். இணையக் கடைகளை நடத்த உதவும் ஷாப்பிஃபையும் முதன்மைக் கிளையில்தான் ஓடுகிறது. பீட்டாகூட இல்லை, அதற்கும் முந்தையது!

ஆங்குலர் ஆர்சியில் மாட்டிய சிறு குழுவுக்கும் கிட்ஹபுக்கும் என்ன வித்தியாசம்? துணிச்சல் இல்லை. கிட்ஹபிடம் வாராவாரம் அந்த வேலையைச் செய்ய ஆள் இருக்கிறது, உடைந்ததைக் காட்டிக்கொடுக்கும் டெஸ்டுகள் இருக்கின்றன, பிழை ரெயில்ஸின் பக்கம் என்றால் அங்கேயே போய்த் திருத்தக்கூடியவர்களும் ஊழியர்களாக இருக்கிறார்கள். முன்வெளியீட்டில் இருப்பது ஒரு முறை எடுக்கும் முடிவு அல்ல, ஓயாமல் செய்ய வேண்டிய வேலை. ஆபத்து, ஏறிய பிறகு நின்றுவிடுவதில் இருக்கிறது. ஆர்சி.4-இல் எழுதி, டெலிவரி கொடுத்து, குழு கலைந்து வேறு புராஜெக்டுக்குப் போய்விட்டால் அந்த ஆர்சி.4 அங்கேயே கிடக்கும். அதற்குக் கையேடு இருக்காது, அப்போது இணையத்தில் கிடைத்த பதில்கள் எல்லாம் வேறு பதிப்புக்கானவை. ஒப்பந்த முறையில் செயலி எழுதிக்கொடுக்கும் நிறுவனங்களில் வேலை செய்தவர்களுக்கு இந்தக் காட்சி புதிதாக இருக்காது.

ஓட்டிப்பார்க்க மட்டும் ஆசை என்றால் அதற்குச் செலவு குறைவான வழி இருக்கிறது. எம்பர் என்ற ஃபிரேம்வொர்க்கின் சமூகம் இதை வெகு நாளாகச் செய்துவருகிறது. 2013-இல் 1.0 வந்ததிலிருந்து ஆறு வாரத்துக்கு ஒரு வெளியீடு, கேனரி, பீட்டா, ரிலீஸ் என்று மூன்று வரிசைகள். எம்பருக்கான துணை லைப்ரரியைப் புதிதாகத் தொடங்கினால், அந்த மூன்று வரிசைகளிலும் டெஸ்டுகளை ஓட்டிப்பார்க்கும் அமைப்பு கூடவே வந்துவிடும். புரொடக்ஷன் நிலையான பதிப்பில் நிற்கும், சிஐயில் மட்டும் பீட்டா ஓடும், அது உடைந்தால் யாருக்கும் தூக்கம் கெடாது. எந்த ஃபிரேம்வொர்க்கிலும் இதைச் செய்யலாம். உடைந்ததைப் பார்த்து அங்கே ஒரு இஷ்யூ பதிவு செய்தால் சஸ்பென்ஸ் விஷயத்தில் நடந்தது போல வெளியீட்டுக்கு முன்பே அது திருந்தவும் வாய்ப்பு உண்டு.

புரொடக்ஷனிலேயே வேண்டும் என்றால், எஸ்டிமேட் தயாரிக்கும்போதே பதிப்பு உயர்த்தும் வேலைக்கென்று மணிநேரங்களைத் தனி வரியாகப் போடுங்கள், நிலையான பதிப்பு வந்து இரண்டு மூன்று மாதம் கழியும் வரைக்கும். கிளையன்ட் அந்த வரியைப் பார்த்து இது எதற்கு என்று கேட்பார். விளக்கிச் சொல்லியும் அதை வெட்டிவிட்டார் என்றால் நிலையான பதிப்பில் தொடங்குங்கள்.